வீடு மகளுக்கு, கணனி யாருக்கு?

புதிதாக ஒரு பொருள் சந்தைக்கு வந்துவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சுக் கிளம்பும். ரேடியோ வந்தபோதும் கிளம்பியது, ரி.வி. வந்தபோதும் கிளம்பியது. இப்போது பெரிய திரையோடு, எல்லாம் ஒன்றாக அடங்கி வரும் மேசைக் கணனியைப் பற்றிய பேச்சு.

2024 ஒக்டோபர் மாதக் கடைசியில் அப்பிள் கம்பனி தனது 24 அங்குல ஐமேக் கணனியின் புதிய பதிப்பை அறிவித்தது. ஏழு நிறங்களில் வந்தது. தடிப்பு 11.5 மில்லிமீற்றர்தான், நமது பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள் இரண்டு மூன்றை அடுக்கி வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கீழே வைக்கத் தனிப் பெட்டி கிடையாது. திரைக்குள்ளேயே கணனி முழுவதும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கைபேசியில் படமாகத்தான் பார்த்தோம். படமாகப் பார்த்ததற்கே எத்தனை பேச்சு!

"வயரே இல்லை உம்மா, சுவரில் படம் மாட்டியது போல இருக்கிறது" என்பான் மகன். "என்ன விலையாம்?" என்று கட்டாரிலிருந்து கேட்பார் வாப்பா. "கடற்காற்றுக்குத் தாங்குமா?" என்பது உம்மாவின் கவலை. கணனி திருத்தும் தம்பியைக் கேட்டால், "ராத்தா, பழுதானால் திறப்பதே பெரிய வேலை" என்று தலையை ஆட்டுவார். மகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. அவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் பொருளைப் பார்ப்போம்.

பயம் போக்க வந்த கணனி

திரையும் கணனியும் ஒரே கூட்டில் இருப்பது புதிய யோசனையன்று. 1984 இல் வந்த முதல் மெக்கின்டோஷ் கணனியே அப்படித்தான் இருந்தது. அதன் திரை 9 அங்குலம். ஆனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1998 ஓகஸ்ட் 15 ஆம் திகதி விற்பனைக்கு வந்த முதல் ஐமேக். 15 அங்குலத் திரை. உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் நீலநிறக் கூடு. 17 கிலோவுக்கு மேல் பாரம். அதன் தலையில் ஒரு கைப்பிடி இருந்தது. அத்தனை பாரமான பொருளுக்குக் கைப்பிடி எதற்கு? கணனியைக் கண்டு பயப்படுகிறவர்களும் கை நீட்டித் தொட வேண்டும் என்பதற்காகவே அதை வைத்ததாக அதன் வடிவமைப்பாளர் ஜொனதன் ஐவ் விளக்கினார்.

அப்போதும் குறை சொன்னவர்கள் உண்டு. "ஃப்ளொப்பி போட இடமில்லையே, இது என்ன கணனி?" என்றார்கள். வட்டமான அதன் மவுஸ் கைக்குள் நிற்கவில்லை என்று எரிச்சல் பட்டார்கள். ஆனாலும் அந்த வருட முடிவுக்குள் 8 இலட்சம் கணனிகள் விற்றன. வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு, அதற்கு முன் கணனியே வாங்காதவர்கள் என்று கம்பனி சொன்னது. கணனி தெரிந்தவர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்த வேளையில், தெரியாதவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்!

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இதே கதைதான். 2009 இல் 27 அங்குலத் திரை வந்தபோது அதன் அகலத்தைப் புகழ்ந்தார்கள். சில திரைகள் மஞ்சள் படிந்து தெரிகின்றன, நடுங்குகின்றன என்று முறைப்பாடும் செய்தார்கள். 2014 இல் மிகக் கூர்மையான 5கே திரை வந்தது. படம் எடுப்பவர்களும் அச்சுவேலை செய்பவர்களும் கொண்டாடினார்கள். 2021 இல் மெல்லிய 24 அங்குலம் வந்தபோது, திரைக்குக் கீழே உள்ள நிறப்பட்டையைத் "தாடை" என்று கேலி செய்தார்கள். 2022 மார்ச்சில் 27 அங்குல ஐமேக்கின் விற்பனை நிறுத்தப்பட்டது. பெரிய திரைக்குப் பழகியவர்களுக்கு அது மனக்குறையாகவே இருந்தது. 2023 நவம்பரில், அந்த அளவில் புதிய ஐமேக் செய்யும் எண்ணம் இல்லை என்று கம்பனியே சொல்லிவிட்டது.

டொலர் ஒன்று, ரூபா வேறு

இனி விலைக்கு வருவோம். 1998 இல் முதல் ஐமேக்கின் விலை அமெரிக்காவில் 1,299 டொலர். 2024 இல் வந்த ஐமேக்கின் ஆரம்ப விலை எவ்வளவு தெரியுமா? அதே 1,299 டொலர்! இருபத்தாறு வருடத்தில் அமெரிக்கக் குடும்பத்துக்கு விலை ஏறவில்லை. திரையும் வேகமும் பல மடங்கு கூடியிருக்கின்றன.

நமது கணக்கு வேறு. 1998 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 65 ரூபா. அப்படியானால் அந்தக் கணனி 84,000 ரூபா. 2024 ஒக்டோபரில் ஒரு டொலர் ஏறக்குறைய 293 ரூபா. அந்தக் கணக்கில் அதே 1,299 டொலர் ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இதில் வரியும் ஏற்றுகூலியும் கடைக்காரரின் இலாபமும் சேரவில்லை. 2022 இல் நமது ரூபா விழுந்த விழுக்காட்டை மறந்தவர் யார்?

ஆகவே இந்தப் பெயருக்காகவே கடன் பட வேண்டாம். லெனோவோ, எச்.பி., டெல் போன்ற கம்பனிகளும் இதே போன்ற ஒற்றைக் கணனிகளைச் செய்கின்றன. விலை குறைந்தவையும் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. நல்ல பெரிய திரை ஒன்றும், தனியாக ஒரு சிறு கணனிப் பெட்டியும் வாங்குவது. பார்வைக்கு அழகு கொஞ்சம் குறையும். ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்கிறேன்.

கடற்கரைக்குத் தாங்குமா?

உம்மாவின் கேள்வி நியாயமானது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நமது ஊர்களெல்லாம் கடலை ஒட்டியவை. உப்புக்காற்று யன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது. கணனியின் உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புகளை விடுமா? ஐமேக் என்றாலும் வேறெந்தக் கணனி என்றாலும் கடல் பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பாவிக்காத நேரத்தில் துணியால் மூடி வையுங்கள். இயங்கும்போது மூடக்கூடாது, சூடு வெளியேற வழி வேண்டும்.

அடுத்தது மின்சாரம். மடிக்கணனியில் பற்றரி உண்டு. மேசைக் கணனியில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனது. செய்துகொண்டிருந்த வேலை போவது ஒரு நட்டம். கரண்ட் திரும்ப வரும்போது ஏறி இறங்கும் அழுத்தம் கணனியையே கெடுத்துவிடலாம். எனவே மேசைக் கணனி வாங்க நினைப்பவர் யு.பி.எஸ். வாங்கும் பணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். அது பல மணி நேரம் ஓடாது. வேலையைச் சேமித்து, ஒழுங்காக நிறுத்த அவகாசம் தரும். அதுவே போதும்.

மூன்றாவது, பழுது. கணனி திருத்தும் தம்பி தலையை ஆட்டியதற்குக் காரணம் உண்டு. 2012 இன் பிற்பகுதியில் வந்த மெல்லிய ஐமேக்கிலிருந்து திரைக் கண்ணாடி கூட்டோடு பசையால் ஒட்டப்பட்டு வருகிறது. திறக்க வேண்டுமானால் பசையை அறுக்க வேண்டும். 2021 முதல் வந்த 24 அங்குலக் கணனிகளில் நினைவகத்தையும் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போது இருந்ததுதான் கடைசி வரை. அத்தோடு, உள்ளே இருக்கும் கணனி பழசாகிவிட்டால் நல்ல நிலையில் உள்ள திரையும் அதோடு சேர்ந்தே வீணாகும். 2014 இல் வந்த 5கே திரையை வேறொரு கணனிக்கு வயர் கொடுத்துத் திரையாகப் பாவிக்க முடியாதென்று வருந்தியவர்கள் பலர். திரையைத் தனியாக வாங்குவதன் நன்மை இங்கேதான். பெட்டி பழுதானால் பெட்டியை மாற்றலாம். திரை இன்னும் பல வருடம் உழைக்கும்.

பெரிய திரை எதற்கு?

"கைபேசி இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கும் வாப்பாமார் உண்டு. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நமது பிள்ளைகள் எதில் படித்தார்கள்? ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பிப் பக்கத்தை, உள்ளங்கை அளவுத் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்து எழுதினார்கள். ஒரு கைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளும் இருந்தன. 2021 இல் அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி, நாட்டில் கணனி இருந்த வீடுகள் ஐந்தில் ஒன்றை அண்டியே இருந்தன.

பெரிய திரையில் ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் பயிற்சி என்று இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். உம்மாவும் பிள்ளையும் ஒன்றாக இருந்து படிக்கலாம். கணக்கு எழுதும் பெண்ணுக்கும், தமிழ்த் தட்டெழுத்து வேலையை வீட்டிலிருந்து செய்யும் பெண்ணுக்கும், மருதமுனைக் கைத்தறிச் சேலைகளைப் படமெடுத்து வெளியூருக்கு விற்க நினைக்கும் பெண்ணுக்கும் கைபேசி போதாது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே போக வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள்.

மகள் பேசாத காரணம்

இப்போது மகளிடம் வருவோம். நமது கரையோரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பா வெளிநாட்டில் உழைப்பதும், உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்ப்பதும், மகளின் பெயரில் நான்கு சுவர் எழுப்பத்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் கணனி வரும்போது அது எங்கே போகிறது? பல வீடுகளில் மகனின் அறைக்குள். கதவும் சாத்தப்படுகிறது. தன் பெயரில் எழுதப் போகும் வீட்டில், மகள் "கொஞ்சம் பார்க்கலாமா காக்கா?" என்று கதவைத் தட்டி நிற்கிறாள்!

அவளுக்கும் பரீட்சை இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்த பின், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலேயே பட்டப்படிப்பு வந்துவிட்டது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே போகப் போகிற பெண், கணனியை முதன்முதலில் தொடுவது அந்த வகுப்பறையிலா இருக்க வேண்டும்?

எல்லாம் ஒன்றில் அடங்கிய பெரிய திரைக் கணனியில் எனக்குப் பிடித்த விடயம் அதன் மெலிவோ நிறமோ இல்லை. அதை முன் ஹோலில் வைக்கலாம். வயர்க் கும்பல் இல்லை, இடம் பிடிக்காது, வருகிறவர் போகிறவருக்கு அசிங்கமாகத் தெரியாது. ஹோலில் இருக்கும் பொருள் எல்லோருடையதும். மகனும் பார்ப்பான், மகளும் பார்ப்பாள். பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் பெரியவர்களின் கண்ணில் படும். இதற்கு ஐமேக்தான் வேண்டுமென்றில்லை. பெட்டி வேறு, திரை வேறாக உள்ள சாதாரணக் கணனியையும் ஹோலில் வைக்கலாம்.

வைத்தால் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் திறந்து கொடுங்கள். மகளின் பாடங்களும் கடிதங்களும் அவளுக்குரியவை. யாருக்கு எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பரீட்சை நெருங்கியவருக்கு முதலிடம். இரவு நித்திரைக்கு முன் கணனி நிறுத்தப்படட்டும்.

உம்மாவுக்கும் அந்தத் தாளில் ஒரு மணித்தியாலம் எழுதுங்கள். "எனக்கு எதற்கு மகள்?" என்று சொல்வார். விடாதீர்கள். மகளே பக்கத்தில் இருந்து பழக்கிக் கொடுக்கட்டும்.

சகோதரிகளே! கடைக்குப் போனால் எத்தனை அங்குலம், என்ன நிறம் என்று விற்பவர் சொல்லிக்கொண்டே போவார். கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் திருத்துவது கல்முனையிலா கொழும்பிலா என்பதையும் கேளுங்கள். அதற்கு முன் வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எங்கே இருக்கப் போகிறது? அந்தக் கேள்வியை மகளும் இருக்கும்போது கேளுங்கள். அவள் பதில் சொல்லும் வரை காத்திருங்கள்.