அளவுக்கு விலையா, சத்துக்கு விலையா?

தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறும் பாற்குடங்களைக் கண்டு கைகூப்பும் நாம், பால் கறந்து கொடுப்பவருக்கு எந்தக் கணக்கில் பணம் கிடைக்கிறதென்று விசாரிப்பதில்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றே கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் அளவை மட்டும் பார்த்துக் கொடுக்கும் விலையானது, புல்லும் புண்ணாக்கும் குறைவறப் போட்டு நல்ல பால் கறந்து வருபவருக்கும், குழாயடியில் நின்று தண்ணீர் கலந்து வருபவருக்கும் ஒரே கூலியைக் கொடுத்து, யோக்கியனுக்கு நஷ்டத்தையும் மற்றவனுக்குச் சன்மானத்தையும் அளிக்கிறது.

ரப்பர்த் தோட்டத்து லயங்களின் பின்புறம் கொட்டகை போட்டு இரண்டொரு மாடு வளர்த்து, கறந்த பாலை வீடு வீடாக ஊற்றிப் பிழைத்த தமிழர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஏராளம். அன்று வாடிக்கைக்காரரின் கண்ணும் நாக்குமே பரிசோதனைச் சாலை. 1970களில் அரசாங்கத்தின் கால்நடைச் சேவைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்து, பலருடைய பாலும் ஒரே தொட்டியில் கலக்கத் தொடங்கியபோது, ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியே சோதித்தறிவது தவிர்க்க முடியாத காரியமாயிற்று.

பால்மானி இருக்கிறதே என்று சொல்லலாம். நல்ல பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் சேர்த்தால் அது குறைந்து மானி கீழே இறங்கும். ஆனால் கொழுப்பு இலேசான பொருளாதலால், பாலேட்டை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆகவே ஏட்டை எடுத்து, அதற்கு ஈடாகத் தண்ணீரையும் அளவறிந்து ஊற்றிவிட்டால், மானி நல்ல பாலுக்குரிய கோட்டிலேயே நின்றுவிடும்!

இந்த வஞ்சகத்துக்கு முடிவுகட்டியவர், 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கொழுப்பை அளக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதற்குக் காப்புரிமை பெறாமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்த ஸ்டீபன் பாப்காக் என்னும் உத்தமர். நம் நாட்டுப் பக்கங்களில் அதிகம் வழங்கி வந்தது, ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் கெர்பர் வகுத்த முறை. கழுத்து ஒடுங்கிய கண்ணாடிக் குப்பியில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலத்தை விட்டு, அதன்மேல் 10.75 மில்லிலிட்டர் பாலை ஓரமாகச் சாய்த்து ஊற்றி, ஒரு மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலும் சேர்த்து அடைத்துக் குலுக்கினால், குப்பி கையைச் சுடும். பாலின் வெண்மை மறைந்து கரும்பழுப்பாகும். பிறகு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால், கொழுப்பு மட்டும் பொன்னிறமாகப் பிரிந்து கழுத்தில் வந்து நிற்கும். சதவீதத்தைக் கோட்டில் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1946-இல் குஜராத்தின் ஆனந்தில் தோன்றிய கூட்டுறவுச் சங்கம், கொழுப்பறிந்து விலை கொடுத்தே குடியானவரின் நம்பிக்கையைச் சம்பாதித்தது. தமிழ்நாட்டின் ஆவின் சங்கங்களிலோ கொழுப்போடு, கொழுப்பு நீங்கிய மற்றத் திடப்பொருளும் கணக்கில் சேர்கிறது. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளும், பாலில் முன்னது 3.25 சதவீதத்துக்கும் பின்னது 8.5 சதவீதத்துக்கும் குறையலாகாது என்று விதிக்கின்றன.

இந்தச் சத்துக் கணக்கில் மாட்டின் ஜாதியும் அடங்கியிருக்கிறது. ஃப்ரீஷியன் பசு குடம் நிறையக் கறக்கும்; ஆனால் பால் நீர்த்திருக்கும், நம் வெயிலும் அதற்கு ஆகாது. வெப்பத்தைத் தாங்கும் சாஹிவால் கறப்பது சொற்பம், சத்தோ அதிகம். லிட்டருக்கு மட்டும் விலையென்றால், நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற மாட்டை வைத்திருப்பவர் தோற்றுப்போகிறார். கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு, மடி வற்றும் தறுவாயில் வருவதில்தான் மிகுதி என்பதும் அனுபவஸ்தர்கள் அறிந்ததே. அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுபவரின் குப்பியில் கோடு இறங்கித்தான் நிற்கும்.

சத்தைவிடக் கடினமான விஷயம் சுத்தம். மலேசியாவின் 360 பண்ணைகளிலிருந்து எடுத்த 930 மாதிரிகளைச் சோதித்து 2004-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, மில்லிலிட்டருக்குச் சராசரி 1 கோடியே 20 லட்சம் கிருமிகள் இருந்ததாகத் தெரிவித்தது. ஐரோப்பாவில் அனுமதிப்பது 1 லட்சம். இந்த வித்தியாசம் முழுவதையும் கை கழுவாதவரின் குற்றம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கறந்தவுடன் 4 டிகிரிக்குக் குளிர்விக்காவிட்டால், நம் உஷ்ணத்தில் கிருமி அரைமணிக்கொரு தரம் இரட்டித்துக்கொண்டே போகும். நிலையம் தொலைவிலிருந்து, வண்டியும் தாமதித்தால், எவ்வளவு சுத்தமாகக் கறந்த பாலும் தரம் இறங்கிவிடும்.

ஆகையால், குளிர்சாதனத் தொட்டியைக் கூப்பிடு தூரத்தில் வைக்காமல், கிருமியின் பேரால் விலையைக் குறைப்பவர்கள் ஏழையின்மீது அபராதம் விதிக்கிறார்கள் என்றே சொல்லுவேன். சோதனை பால் கொண்டுவருபவரின் கண்ணெதிரே நடக்கவேண்டும்; கொழுப்பு இவ்வளவு, திடப்பொருள் இவ்வளவு, கிருமி இவ்வளவு, ஆகவே விலை இவ்வளவு என்று அவர் படிக்கத் தெரிந்த பாஷையில் சீட்டெழுதி அன்றே கையில் கொடுக்கவேண்டும்; முடிவில் சந்தேகம் தோன்றினால், அதே மாதிரியை மறுபடி சோதிக்கக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்கவேண்டும்.