லயத்திலிருந்து பட்டணத்துக்கு

நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறிப் பினாங்கில் கரையிறங்கி, கங்காணியின் பின்னே கெடாவின் பால்மரக் காடுகளுக்குள் நடந்து சென்ற மூதாதையரின் பிரயாணத்தை மலேசியத் தமிழர் வம்சத்தின் முதல் இடப்பெயர்ச்சி என்று கொண்டால், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் குடிபோனதை இரண்டாவது இடப்பெயர்ச்சி என்றே சொல்ல வேண்டும். முதலாவதைப் பற்றிக் கதைகளும் நாவல்களும் ஏராளமாக எழுந்திருக்கின்றன. இரண்டாவதோ இன்னும் முடியவில்லை. போவதா, இருப்பதா என்று இரவெல்லாம் யோசிக்கும் குடும்பங்கள் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கோலக்கெட்டிலிலும் இன்றும் இருக்கின்றன. ஆகவே அதன் லாப நஷ்டங்களை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

சயாமின் ஆதிக்கத்தில் இருந்த கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரிட்டிஷாரின் அதிகாரத்துக்குள் வந்தது. அதே காலத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை விண்ணை முட்ட, காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளாக ஆட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு அமைந்த ஜீவனம் விசித்திரமானது. வீடு தோட்டத்துடையது; தண்ணீர், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் நின்ற மண் எல்லாமே தோட்டத்துடையவை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் இருக்கும்வரை இவையனைத்தும் உண்டு. பெயர் நீங்கிய நாளில் இவையனைத்தும் ஒருங்கே நீங்கும். உத்தியோகம் போனால் வேறு உத்தியோகம் தேடுவது உலக வழக்கம்; உத்தியோகத்தோடு கூரையும் ஊரும் சேர்ந்து போய்விடும் நிலைமையே தோட்டத்து மனிதனின் பலவீனமாக அமைந்தது.

அந்தப் பலவீனம் முதன்முதலில் பகிரங்கமானது, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிய 1950களில்தான். அதைக் கண்டு மனம் பொறாத அந்நாளைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டமே கெடாவின் புக்கிட் சீடிம்தான் என்பதை இம்மாநிலத்துத் தமிழர் எக்காலத்தும் மறக்கலாகாது. ஆயினும் ஒரு சங்கம் எத்தனை தோட்டங்களைத் தாங்கிப் பிடிக்க முடியும்? 1969க்குப் பின் பிரஜாவுரிமையற்றோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60,000 பேர் இந்தியாவுக்கே திரும்பிப் போனார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். எஞ்சியோர் காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஒவ்வொரு மரத்தையும் அடிக்கடி தொட்டுச் சீவவேண்டிய ரப்பருக்குத் தேவைப்பட்ட அத்தனை கைகள், குலை பழுத்த பிறகே வெட்டப்படும் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. அதன் பின்னர் செம்பனையும் போய், சுங்கைப்பட்டாணியைச் சுற்றிலும் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் முளைத்தன.

இத்தனையையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தைத் தானே விட்டுச் சென்றவனும், தோட்டம் கைவிட்டதால் வெளியேறியவனும் ஒரே சாலையில் நடந்ததாகத் தோன்றினாலும், அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் வெவ்வேறு என்பதே என் அபிப்பிராயம்.

பட்டணம் தந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நன்றியாகாது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திரத் தொழிற்பேட்டை தொடங்கியபோதும், பிறையில் ஆலைகள் பெருகியபோதும், தெற்குக் கெடாவின் தோட்டங்களுக்குள் ஃபேக்டரி பஸ்கள் நுழையலாயின. தாயின் பின்னே வாளி தூக்கிப் போன பெண், சீருடை அணிந்து அந்தப் பஸ்ஸில் ஏறி, தன் பெயரில் சம்பளமும் தன் பெயரில் ஊழியர் சேமநிதிக் கணக்கும் பெற்றாள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்று வானத்தைப் பார்த்தே வாழ்ந்த குடும்பத்துக்கு, மழையிலும் வெயிலிலும் மாறாத மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டு, இன்டெல், இன்ஃபினியோன் போன்ற ஸ்தாபனங்கள் அங்கே வந்தபின், பினாங்குப் பாலத்தைக் கடக்காமலேயே தொழில்நுட்ப உத்தியோகம் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. வெட்டுக்காரரின் மகன் டெக்னீஷியன் ஆவதற்கும், பேத்தி செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பதற்கும் இந்த இடப்பெயர்ச்சியே வழி திறந்தது.

சம்பளத்தைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக்க வேண்டும். 2020 பிப்ரவரி முதல் நாட்டின் 56 மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட்டாகவும், மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட்டாகவும் இருந்தது. 2022இல் அந்த வித்தியாசம் நீங்கி எங்கும் 1,500 ஆயிற்று. 2025இல் 1,700 ஆக உயர்ந்தது. ஆகவே அடிப்படைச் சம்பளம் ஒன்றையே கருதிக் கெடாவை விட்டுக் கோலாலம்பூருக்கு ஓடுவதில் இப்போது அர்த்தமில்லை. சட்டம் விதித்த சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றே. வீட்டு வாடகையோ ஒன்றல்ல. பட்டணத்தின் மெய்யான லாபம் ஓவர்டைமிலும், பதவி உயர்விலும், ஒரு வேலை போனால் மறு வேலை கிடைக்கும் சாத்தியத்திலும், பிள்ளைகளின் படிப்பிலும் இருக்கிறது. இவற்றில் எதுவும் தனக்குக் கிட்டாது என்று தெரிந்தவன் பெயர்ந்து போய்ச் சம்பாதிப்பது அலைச்சலை மட்டுமே.

இனி நஷ்டங்கள். தோட்டத்தில் சம்பளச் சீட்டில் எழுதப்படாத வருமானம் ஒன்று இருந்தது. வாடகையற்ற வீடு, புறவாசல் கீரைப்பாத்தி, இரண்டு ஆடு, ஒரு பசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா, சம்பளம் தாமதித்தால் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுக்கும் கடை, நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரும் பக்கத்து வீட்டு அண்ணன், அத்தனையும் அதில் அடக்கம். பட்டணத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே இவை ஒவ்வொன்றுக்கும் ரொக்கம் தேவைப்படுகிறது. ரொக்கம் போதாதபோது வட்டிக்காரனின் தொலைபேசி எண் கைக்கு வருகிறது. போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த குடும்பங்கள் மிகச் சிலவே.

கெடாவுக்கென்றே உரிய ஒரு சங்கடமும் உண்டு. இம்மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பாலத்துக்கு இருபுறமும் விரிந்த பினாங்கு மாநிலத்திலோ சனியும் ஞாயிறும். சுங்கைப்பட்டாணியில் குடியிருந்து பிறையில் வேலை செய்யும் தாய் தகப்பன்மாருக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள்; பிள்ளைகள் வீட்டிலிருக்கும் வெள்ளிக்கிழமையில் பெற்றோர் ஆலையில் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஷிப்ட் வேலை. ஆயாக் கொட்டகையும் பாட்டியும் இல்லாத தாமான் வீட்டில், அந்த வெள்ளிக்கிழமைகளில் வளரும் பையனை யார் கவனிக்கிறார்கள் என்ற கேள்வி என்னைப் பல காலமாக வருத்துகிறது.

நோட்டீஸ் வந்த பிறகு, கையில் சேமிப்பில்லாமல் வெளியேறியவர்கள் நிலைமை இதனினும் கொடியது. பல மாநிலத் தோட்டங்களிலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் பெருநகரங்களின் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கின. 2001 மார்ச் மாதத்தில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் கலவரம் மூண்டு ஆறு பேர் உயிரிழந்தபோது, நெரிசலும் வறுமையும் மண்டிய அத்தகைய குடியிருப்புகளில் நம் ஜனங்கள் எவ்வளவு அநாதரவாக வாழ்ந்தார்கள் என்பதைத் தேசம் கண்டது. இதைப் பட்டணத்தின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். வேரோடு பெயர்த்த நாற்றை நட வயல் தயாராக இல்லாததன் விளைவு அது.

வயல் தயாராக இருந்த இடங்களில் விளைச்சலும் வேறாக இருந்தது. தோட்டத்துப் பள்ளிகள் பிள்ளைகளின்றி மெலிந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ்க் குடும்பங்கள் திரண்டுவிட்ட சுங்கைப்பட்டாணியில் தாமான் கெலாடிக்கென்று புதிய தமிழ்ப்பள்ளி எழுந்தது. கூட்டமாக, அருகிலுள்ள நகரத்துக்குப் போன சமூகம் பள்ளியையும் கோயிலையும் கூடவே அழைத்துச் செல்கிறது; தனித்தனியே தூரதேசம் போன குடும்பமோ இரண்டையும் இழக்கிறது. எனவேதான், கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போக நினைப்பவர்கள் முதலில் சுங்கைப்பட்டாணியையும் கூலிமையும் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

இன்னமும் லயத்து வீட்டில் இருக்கும் குடும்பங்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். நோட்டீஸ் வரும்வரை காத்திராதீர்கள். ஆட்குறைப்பில் வேலை இழப்பவர், ஐந்தாண்டோ அதற்கு மேலோ உழைத்திருந்தால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் பெற 1980ஆம் ஆண்டு விதிகள் உரிமை தருகின்றன; அதை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு வாங்கச் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம். அந்தப் பணத்தைக் கலியாணச் செலவுக்கென்று மனத்தில் எழுதி வைக்காதீர்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் சரியாக உள்ளனவா என்பதை, உங்களைப் பெயர் சொல்லி அறிந்த பெரியவர்கள் சாட்சி சொல்லத் தோட்டத்தில் உயிரோடிருக்கும்போதே பார்த்து முடித்துவிடுங்கள். பள்ளியையும் வீட்டையும் நிச்சயம் செய்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள்.