பெட்டி கட்டும் முன் ஒரு வார்த்தை!

“அக்கா, அவருக்குத் துபாயில் வேலை கிடைச்சிருக்கு. குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போகணும். என்னென்ன எடுத்துக்கணும்?”

எங்கள் கோட்டூர்புரம் குடியிருப்பில் மாடி வீட்டுப் பெண் போன வாரம் இப்படிக் கேட்டாள். புடவை, பாத்திரம் எல்லாம் அப்புறம். முதலில் காகிதங்களைப் பார் என்றேன். ஏழு வருஷம் அங்கே குடித்தனம் செய்தவள் ஆயிற்றே, பட்டதைச் சொல்கிறேன்.

காகிதம்தான் முதல் சாமான்

2011-ல் என் கணவர் முதலில் போனார். நானும் மகளும் சேர்ந்து கொள்ள நான்கு மாதம் பிடித்தது. காரணம்? கோயிலில் நடந்த எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை! ஓடிப் போய்ப் பதிந்தால், பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, சர்டிபிகேட்டில் வேறு எழுத்து. கல்யாண சர்டிபிகேட்டுக்கு மாநில அரசு, மத்திய வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் சித்தி. 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே இருந்தார். ஜோர்டான் நாட்டு அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்களை அழைத்து வந்தன, நினைவிருக்கிறதா? வீட்டு சாமான் அத்தனையும் போயிற்று. சித்தியின் இடுப்பில் முடிந்திருந்த பாஸ்போர்ட்டும் பள்ளிச் சான்றிதழும்தான் மிஞ்சின. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் இங்கே வேலை தேடிக் கொண்டார்.

கசகசா வேண்டாம்!

என் மாமியார் ஆசையாகக் குருமாப் பொடி அரைத்துக் கொடுத்தார். அதில் கசகசா! எமிரேட்ஸில் கசகசாவுக்குத் தடை. போதைப் பொருள் சட்டத்தில் மாட்டிக் கொள்வோம். நல்ல வேளை, முன்பே போய் வந்த தோழி ஒருத்தி சொல்ல, எடுத்து விட்டேன். சில இருமல் மருந்து, வலி மாத்திரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துப் போகாதீர்கள். முருங்கைக்காய், வாழை இலை, மல்லிகைப்பூ எல்லாம் அங்கே கராமா கடைகளில் கிடைக்கும். சுமக்க வேண்டாம்.

முதல் ஆறு மாதம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அவர் காலையில் போனால் இரவுதான் வருவார். பேச ஆள் கிடையாது. தக்காளி வாங்கினாலும் திர்ஹத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து வயிறு எரியும்! நான் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். பிறகு மாலையில் குழந்தையோடு பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே இரண்டு தமிழ்ப் பெண்கள் சிநேகமானார்கள். அதன் பிறகுதான் மூச்சு வந்தது. பள்ளியில் அரபு கட்டாயப் பாடம். ஆகவே வீட்டில் தமிழ்தான் என்று கண்டிப்பாக வைத்துக் கொண்டோம்.

தொடக் கூடாத பணம்

சென்னைக்கு நாலு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் என் மாமனார் திடீரென்று கண்ணை மூடியபோது, மாதக் கடைசி. கையில் பணமில்லை, கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்து விட்டது. மகன் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்றும் என் கணவர் அதைச் சொல்லிக் கலங்குவார்.

அதனால்தான் மாடி வீட்டுப் பெண்ணிடம் கடைசியாகச் சொன்னேன்: “முதல் சம்பளத்திலேயே குடும்பத்துக்கு ஊர் வர டிக்கெட் பணத்தைத் தனியாக எடுத்து வை. நகைக்கும் தொடாதே, நாற்காலிக்கும் தொடாதே.”

போய் வாருங்கள் சகோதரிகளே. திரும்பி வரும் வழியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்!