எழுத்துருவும் எழுத்தும்

களனி கங்கைக் கரையை அண்டி, அவிசாவளையிலிருந்து அற்றனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிற்றூர் கரவனெல்ல. அதனைச் சூழ இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. இத்தகைய தோட்டப் பகுதிகளிலே ஆலய விழா மலர், பாடசாலை ஆண்டு மலர், தொழிற்சங்க அறிக்கை என்பன வெளிவரும்போது அவை பெரும்பாலும் கணினியில் வேர்ட் என்னும் சொற்செயலியிலே தட்டெழுதப்படுகின்றன. அச்சேறியபின் தாள் நைந்துவிடும். கோப்போ கணினியுடன் மறைந்துவிடும். அதனை நிலைபெறச் செய்து, எங்கிருப்போரும் படிக்கத் தருவதற்கு உரிய வழிகளுள் ஒன்று, அதை எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழிக்கு மாற்றி இணையத்தில் இடுவதாகும்.

எச்.ரி.எம்.எல். என்பது யாது? ஜெனீவா நகரை அடுத்த சேர்ண் ஆய்வுநிலையத்திலே பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ் லீ என்பார் வகுத்த குறிமொழி அது. அதன் குறிகளை விளக்கும் ஏடு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. சொற்செயலி, எழுத்து எவ்வளவு பெரிது, எவ்வளவு தடிப்பு என்னும் தோற்றத்தையே முதன்மையாகக் காட்டும். குறிமொழியோ, இது தலைப்பு, இது பந்தி, இது அட்டவணை என ஒவ்வொரு பகுதியின் தன்மையைக் கூறும். கோணவடைப்புக்குள் ‘பீ’ என்ற ஆங்கில எழுத்தை இட்டால் பந்தி தொடங்குகிறது என்பது பொருள். அவ்வெழுத்தின் முன் ஒரு சாய்கோட்டை இட்டால் பந்தி முடிகிறது என்பது பொருள்.

தமிழ்க் கோப்பை மாற்றுவோர்க்கு இதனினும் முந்திய இடர் ஒன்று உண்டு. இலங்கையிலே பரவலாக வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில், கணினியின் உள்ளே இருப்பது தமிழன்று. ‘அம்மா’ என்று திரையில் தோன்றும் சொல், கோப்பினுள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே பதிந்துள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அக்குறிகளே வெளிப்படும். பார்வையற்றோர்க்காக உரத்துப் படிக்கும் மென்பொருளும் அவற்றையே படிக்கும்.

யூனிகோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. ‘அ’ என்பதன் எண் 2949. பாமினியில் ‘கெ’ என எழுத முதலில் கொம்பையும் பின்னர் ககரத்தையும் தட்டுவர். யூனிகோட்டிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக அமையும். ஆதலின் மாற்றும் கருவி எழுத்தைப் பெயர்ப்பதோடு வரிசையையும் திருத்த வேண்டும். இன்னொரு பிழையும் உண்டு. ‘ர்’ என்பதற்குப் பதிலாகக் காலைத் தட்டி அதன்மேற் புள்ளி வைப்பார் பலர். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மாற்றியபின் அச்சொல் தேடலில் அகப்படாது. ஆங்கிலச் சொற்கள் இடையிடையே வருமாயின், அவற்றைக் கருவி தமிழெனக் கொண்டு சிதைத்துவிடவுங் கூடும். எனவே இறுதியில் மனிதர் ஒருவர் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது.

யூனிகோட் ஆக்கியபின் வேலை எளிது. பெரிய தடித்த எழுத்தைக் கையால் அமைப்பதை விடுத்து, வேர்ட் தரும் தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தினால் அவை முறையான தலைப்புக் குறிகளாக மாறும். அதன்பின் வடிகட்டிய இணையப் பக்கமாகச் சேமித்தல் வேண்டும். வடிகட்டாத கோப்பிலே வேர்ட் தனக்கென எழுதும் குறிப்புக்கள் மலிந்து, சிறு பந்தியும் பெருஞ் சுமையாகும். 2006ஆம் ஆண்டு தோன்றிய பண்டொக் என்னும் இலவசக் கருவியும் இம்மாற்றத்தைத் தூய்மையாகச் செய்யும். பக்கத்தின் தலைப்பகுதியிலே, எழுத்துக் குறிமுறை யூ.ரி.எவ். 8 எனவும் மொழி தமிழ் எனவும் குறித்தல் வேண்டும். படங்கள் தனிக் கோப்புக்களாதலின் பக்கத்துடன் அவற்றையும் சேர்த்தே ஏற்றுதல் வேண்டும்.

இவ்வழியில் முன்சென்றோரும் உளர். சுவிற்சர்லாந்திலே வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய எழுத்துருக்களில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோட்டுக்கு மாற்றியது. இலங்கைத் தமிழ் ஏடுகளைப் பேணும் நூலகம் என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டு தொடங்கிற்று.

மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் பற்றியும், எஞ்சியோர்க்கு அதனை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் பற்றியும் ஒரு தோட்டத்து மலரிலே கட்டுரை இருக்கலாம். அது பாமினியிலே கிடக்குமாயின், ‘குடியுரிமை’ என்று தேடும் மாணவர்க்கு அது இல்லாததற்குச் சமம். யூனிகோட்டுக்கு மாறிய அன்றே அம்மக்களின் வரலாறு தேடுவோர் கைக்கு எட்டும்.