ஒளிப்புலப் படத்திலிருந்து முப்பரிமாண உருவம்: கல்லாற்றுக் கரைச் செடியை முன்வைத்து ஒரு விளக்கம்

0. முன்னுரை

கேரள மாநிலத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில், மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் கல்லாறு. கல்லும் ஆறும் சேர்ந்த இப்பெயர் தமிழர்க்கும் மலையாளத்தார்க்கும் ஒருங்கே பொருள் விளங்குவது. வாமனபுரம் ஆற்றின் தலைநீரோடைகளுள் ஒன்று இங்கே உருண்டைக் கற்களின்மேல் ஓடுகிறது. கரையில் வளர்ந்துள்ள செடிகள் நீரோட்டக் காற்றில் ஓயாது அசைகின்றன. அசையும் ஒரு செடியைப் பறிக்காமலும் தொடாமலும் அதன் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் பதிவு செய்ய இயலுமா? இவ்வினாவை முன்வைத்து, ஒளிப்புல ஒளிப்படக் கருவியின் அடிப்படையையும் அதன் படம் முப்பரிமாண உருவமாக மாறும் முறையையும் அம்முறையின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. கல்லாறு இங்கு விளக்கத்திற்கான களமாக மட்டுமே கொள்ளப்படுகிறது.

1. படத்தில் இழக்கப்படுவது

ஒரு பொருளின் ஒரு புள்ளியிலிருந்து ஒளிக்கதிர்கள் பல திசைகளில் செல்கின்றன. அவற்றுள் வில்லையின் இடப்பக்கத்தில் நுழைவன, நடுவில் நுழைவன, வலப்பக்கத்தில் நுழைவன எனப் பல உண்டு. சாதாரணக் கருவி இவற்றையெல்லாம் கூட்டி ஒரே படப்புள்ளியின் ஒளிச்செறிவாகப் பதிகிறது. கூட்டுத்தொகை மட்டும் தெரிந்தால் கூட்டப்பட்ட எண்களை மீட்க முடியாது. அதுபோலவே, எக்கதிர் எத்திசையிலிருந்து வந்தது என்னும் செய்தியும் மீளாது போகிறது. பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதற்கான சான்று அத்திசைச் செய்தியில்தான் அடங்கியுள்ளது.

ஓரிடத்தில் எல்லாத் திசைகளிலும் செல்லும் கதிர்களின் தொகுதியை ஒளிப்புலம் என்கிறோம். வெற்றிடத்தில் ஒரு கதிரைக் குறிக்க நான்கு எண்கள் போதும். ஒரு தளத்தில் அது வெட்டும் புள்ளிக்கு இரண்டு. இணையான மற்றொரு தளத்தில் வெட்டும் புள்ளிக்கு இரண்டு. கருவிக்குள் முதல் தளம் வில்லை; இரண்டாம் தளம் படம் விழும் இடம். இந்நான்கு எண்களையும் இழக்காமல் பதிவதே ஒளிப்புலக் கருவியின் பணியாகும்.

2. கருத்தின் வரலாறு

இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சு இயற்பியலறிஞர் கேப்ரியல் லிப்மன் 1908இல், ஈயின் கண்போலச் சிறுவில்லைகள் அடுக்கப்பட்ட தகட்டைக் கொண்டு முழுமைப் படம் எடுக்கலாம் என முன்மொழிந்தார். அதே ஆண்டில் வண்ண ஒளிப்பட முறைக்காக அவர் நோபல் பரிசு பெற்றார். 1936இல் கெர்ஷுன் என்னும் உருசிய அறிஞர் ஒளிப்புலம் என்ற சொல்லாட்சிக்கு வடிவம் தந்தார். 1992இல் அடெல்சன், வாங் ஆகியோர் நுண்வில்லை அணியுள்ள கருவியினால் ஒற்றைப் படத்திலிருந்து ஆழத்தைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். 1996இல் லெவோய், ஹன்ரஹான் ஆகியோர் ஒளிப்புலத்தைக் கணிப்பொறியில் நான்கு அளவைகளாகக் கையாளும் முறையை வகுத்தனர். 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரென் இங் குழுவினர் கையில் ஏந்தத்தக்க கருவியை அமைத்தனர். அவர் தொடங்கிய லைட்ரோ நிறுவனம் 2012இல் பொதுமக்களுக்கான கருவியை விற்பனைக்குக் கொணர்ந்து, 2018இல் செயற்பாட்டை நிறுத்திக்கொண்டது.

இத்துறையில் தமிழகத்திற்கும் பங்குண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அசோக் வீரராகவன், இரமேஷ் ராஸ்கர் முதலியோருடன் இணைந்து, நுண்வில்லைகளுக்கு மாற்றாக உணரியின் முன் கோலமிட்ட மெல்லிய மறைப்பொன்றை வைத்து ஒளிப்புலம் பெறும் முறையை 2007இல் வெளியிட்டார். அக்கழகத்தின் கௌஷிக் மித்ராவும் உடன் ஆய்வாளரும் 2021இல் இரட்டைக் கருவி எடுத்த இயங்குபடத்திலிருந்தே ஒளிப்புல இயங்குபடத்தை மீட்டமைக்கும் முறையை வெளியிட்டனர். தனிக் கருவி கிடைத்தற்கரியதாகிவிட்ட சூழலில் இவ்வாய்வு குறிப்பிடத்தக்கது.

3. கருவியின் அமைப்பு

முதன்மை வில்லைக்கும் உணரிக்கும் இடையில், உணரியை ஒட்டி, நுண்வில்லைகள் வரிசைவரிசையாக அமைந்த தகடு வைக்கப்படுகிறது. ஒவ்வொரு நுண்வில்லையும் தன்மேல் விழும் கதிர்களைத் திசைவாரியாகப் பிரித்துத் தனக்குப் பின்னுள்ள படப்புள்ளிகளில் பரப்புகிறது. 2005ஆம் ஆண்டுக் கருவியில் ஏறத்தாழ 300 வரிசைகளில் வரிசைக்கு 300 நுண்வில்லைகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னும் குறுக்கே 14 படப்புள்ளிகள் இருந்தன. ஆகவே 160 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட உணரியிலிருந்து கிடைத்த படத்தின் புள்ளிகள் ஓர் இலட்சத்திற்கும் குறைவே. திசையைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலை இது.

4. உருவமாக மாறும் படிகள்

(அ) அளவுத்திருத்தம்: முதலில் ஒரே சீரான வெண்பரப்பைப் படமெடுத்து, ஒவ்வொரு நுண்வில்லையின் மையமும் உணரியில் எங்கு அமைந்துள்ளது எனக் கணிக்க வேண்டும். இதிற் பிழை நேரின் பின்வரும் அனைத்தும் பிழையாகும்.

(ஆ) காட்சிகளைப் பிரித்தல்: ஒவ்வொரு நுண்வில்லையின் பின்னும் ஒரே நிலையிலுள்ள படப்புள்ளியை மட்டும் எடுத்து அடுக்கினால், முதன்மை வில்லையின் ஒரு சிறு பகுதி வழியே கண்ட காட்சி கிடைக்கும். இவ்வாறு சற்றே இடம்மாறிய பல காட்சிகள் ஒரே படத்திலிருந்து பெறப்படுகின்றன.

(இ) ஆழம் காணல்: பள்ளி இயற்பியலில் பயிலும் இடமாறு தோற்றமே இங்கு அடிப்படை. ஓடும் பேருந்தின் சன்னல் வழியே காண்போர்க்கு அருகிலுள்ள மரம் விரைந்தும் தொலைவிலுள்ள மலை மெதுவாகவும் நகர்கின்றன. அதுபோல, காட்சிக்குக் காட்சி அருகிலுள்ள இலை மிகுதியாக இடம்மாறும். பின்னுள்ள கல் குறைவாக மாறும். காட்சிகளை வரிசையாக அடுக்கிக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாய்கோடாகத் தோன்றும். அக்கோட்டின் சாய்வே அப்புள்ளியின் ஆழத்தைத் தரும்.

(ஈ) புள்ளித்திரளும் வலையும்: ஆழம் தெரிந்த ஒவ்வொரு படப்புள்ளியும் வெளியில் ஓரிடம் பெறுகிறது. இவ்வாறு உருவாகும் புள்ளித்திரளை முக்கோண வலையால் இணைத்து, அதன்மேல் நிறத்தைப் போர்த்தினால் முப்பரிமாண உருவம் தோன்றும். ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் மறுபக்கம் தெரியாது. ஆகவே முழு உருவத்திற்குப் பல பக்கப் படங்களின் புள்ளித்திரள்களைப் பொருத்த வேண்டும்.

5. எல்லை

காட்சிகளுக்கிடையேயான மிகுதியான தூரம் வில்லையின் அகலமே. இதனால் தொலைவு கூடக்கூடப் பிழை விரைந்து பெருகுகிறது. அது தூரத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். சான்றாக, வில்லையின் பயன்படும் அகலம் 15 மி.மீ., குவியத் தூரம் 50 மி.மீ. எனவும், இடமாற்றத்தை 0.002 மி.மீ. நுட்பத்துடன் அளக்கலாம் எனவும் கொள்வோம். அரை மீட்டர் தொலைவிலுள்ள செடியில் ஆழப்பிழை ஏறத்தாழ 0.7 மி.மீ. ஐந்து மீட்டரில் உள்ள பாறையில் அது 7 செ.மீ. ஐம்பது மீட்டரில் உள்ள எதிர்க்கரை மரத்தில் 7 மீட்டர். பொன்முடி மலையைப் பொறுத்தமட்டில் இவ்வளவீட்டிற்குப் பொருளே இல்லை. எனவே இக்கருவி மலையை அளப்பதற்குரியதன்று. கைக்கெட்டும் பொருளை அளப்பதற்குரியது.

வேறு இடர்களும் உள. நீரில் மின்னும் ஒளி, ஈரக் கல்லின் பளபளப்பு ஆகியன பார்க்கும் திசைக்கேற்ப மாறுவதால் கணிப்பொறி அவற்றைத் தவறான ஆழத்தில் வைக்கும். கோடோ புள்ளியோ இல்லாத வழவழப்பான பரப்பில் சாய்வைக் காண்பதே அரிது.

6. கல்லாற்றுச் செடிக்குரிய பயன்

பல இடங்களிலிருந்து பல படங்கள் எடுத்து உருவமமைக்கும் முறை, இக்கருவியினும் நுட்பமானது, மலிவானது. ஆனால் அது பொருள் அசையாமல் இருப்பதை வேண்டி நிற்கும். இருபதாம் படம் எடுக்கும்போது இலை முதற்படத்தில் இருந்த இடத்தில் இராது. ஒளிப்புலக் கருவியோ எல்லாக் காட்சிகளையும் ஒரே நொடிப்பொழுதில் பதிகிறது. அசைவு இங்கே தடையாகாது.

இதன் பயனை மெய்ப்பித்த ஆய்வும் உண்டு. செருமனியில் போட்ஸ்டாம் நகரின் கோல்ம் பகுதியிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியின் வளர்ச்சியை ஒளிப்புலக் கருவியால் அளந்தனர். மேலிருந்து எடுத்த தட்டையான படத்தில், இலை நிமிரும்போது அதன் பரப்பு சுருங்கியதுபோல் தோன்றும். முப்பரிமாண அளவீடு நிமிர்தலையும் வளர்தலையும் பிரித்துக் காட்டும்.

கல்லாற்றுப் பகுதி காணி மக்களின் மருந்துச் செடியறிவிற்குப் பெயர்பெற்றது. 2018இல் பத்மஶ்ரீ விருது பெற்ற இலட்சுமிக்குட்டி அம்மாள் இப்பகுதியைச் சேர்ந்தவர். மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே செய்பவராக அறியப்பட்டவர். அருகில் பாலோட்டில் 1979இல் தொடங்கப்பெற்ற வெப்பமண்டலத் தாவரப் பூங்கா உள்ளது. தாவரவியலார் செடியைப் பறித்து, அழுத்தி, உலர்த்தித் தாளில் ஒட்டிக் காப்பது வழக்கம். அத்தாளில் வேரும் இலைநரம்பும் நிலைக்கும். இலை தண்டோடு கொண்ட கோணம், இதழின் குழிவு, கிளை விரிந்த திசை ஆகியன நிலைக்கா. காட்டில் செடியை அடையாளம் காண்போர் பெரும்பாலும் நோக்குவது இவற்றையே. உயிருள்ள செடியின் நிற்கும் கோலத்தைப் பறிக்காமல் காப்பதற்கு ஒளிப்புலப் பதிவு துணையாகலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒளிப்புலக் கருவி கதிரின் திசையைக் காப்பதன்வழி ஆழத்தைக் காக்கிறது என்பதும், அண்மையிலுள்ள அசையும் சிறுபொருளுக்கே அது ஏற்றது என்பதும் பெறப்படும். மற்றொன்றும் கருதத்தக்கது. உருவத்தின் அளவைக் கணிப்பொறி தரும். அச்செடி எந்நோய்க்கு மருந்து, எப்பருவத்தில் பறிக்கத்தக்கது என்பதை அது தாராது. அவ்வறிவு கரையில் வாழும் மக்களிடம், அவர்தம் பேச்சில் உள்ளது. ஆகவே செடியின் உருவத்தைப் பதிவோர் அதன் பெயரையும் பயனையும் அம்மக்கள் வாய்மொழியிலேயே, அவர்தம் இசைவோடு உடன்பதிதல் வேண்டும். அப்பொழுதே அப்பதிவு நிறைவுடையதாகும்.