நீ, நீங்கள், அவன், அவர்: ‘கபோட்டி’ திரைப்படம் தமிழாக்கத்திற்கு எழுப்பும் வினாக்கள்

1. முன்னுரை

எழுத்தாளர் ஒருவர் கொலைக்குற்றம் உறுதிசெய்யப்பெற்ற இருவரோடு கொண்ட உறவை மையமாகக் கொண்டது ‘கபோட்டி’ (2005) என்னும் அமெரிக்கத் திரைப்படம். ஜெரால்டு கிளார்க் 1988இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்டு டான் ஃபட்டர்மன் திரைக்கதை எழுத, பென்னெட் மில்லர் இயக்கினார். எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியாக (1924–1984) நடித்த ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் 2006இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்றார்.

இவ்வுறவு நட்பா, பயன் கருதிய நெருக்கமா என்னும் வினாவிற்குப் படம் முடிந்த விடை எதனையும் கூறவில்லை. இதற்கு ஆங்கில மொழியமைப்பும் துணைநிற்கிறது. முன்னிலைக்கு ஒரு சொல், படர்க்கை ஆண்பால் ஒருமைக்கு ஒரு சொல் என்பதே அம்மொழியின் நிலை. தமிழிலோ நீ/நீங்கள், அவன்/அவர் என்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாலன்றி உரையாடலைத் தொடங்கவும் இயலாது. இத்தேர்வு மொழிபெயர்ப்பாளரைப் படத்தின் மைய வினாவிற்கு விடையளிக்கச் செய்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிகழ்வும் நூலும் படமும்

1959 நவம்பர் 15 அன்று கான்சஸ் மாநிலத்தின் ஹோல்கோம் என்னும் சிற்றூரில் ஹெர்பர்ட் கிளட்டர் என்னும் விவசாயியும் அவர்தம் மனைவி, மகள், மகன் ஆகியோரும் கொல்லப்பட்டனர். கொலையாளிகளுக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவான பணமே. ரிச்சர்டு ஹிக்காக், பெர்ரி ஸ்மித் ஆகிய இருவரும் டிசம்பர் 30 அன்று லாஸ் வேகஸ் நகரில் கைது செய்யப்பட்டு, 1960 மார்ச்சில் மரண தண்டனை விதிக்கப்பெற்று, 1965 ஏப்ரல் 14 அன்று தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய முடிவு தெரியும்வரை கபோட்டியால் தம் நூலை முடிக்க இயலவில்லை. ‘இன் கோல்டு பிளட்’ என்னும் அந்நூல் 1965இல் ‘நியூயார்க்கர்’ இதழில் நான்கு பகுதிகளாகவும் 1966 ஜனவரியில் நூலாகவும் வெளிவந்தது.

நூலில் ‘நான்’ இல்லை. ஆசிரியர் தம்மை மறைத்துக்கொண்டு, இறுதிப் பகுதியில் பெயரற்ற ஒரு பத்திரிகையாளராக மட்டுமே தோன்றுகிறார். படம் அம்மறைந்த தன்மையை மீண்டும் நடுவில் நிறுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. நூலைத் தமிழாக்குங்கால் அவன்/அவர் என்னும் தேர்வு கதைகூறுபவருடையது. நூல் முழுவதற்கும் ஒரு முடிவு போதும். படத்தைத் தமிழாக்குங்கால் அத்தேர்வு ஒவ்வொரு பாத்திரத்தின் வாயிலும் தனித்தனியே நிகழ்கிறது.

3. ‘அவர்கள்’ என்னும் மறைப்பு

தமிழில் உயர்திணைப் பன்மையாகிய ‘அவர்கள்’ மரியாதையைப் பொறுத்தவரை நடுநிலையானது. மதிப்பிற்குரிய இருவரையும் வெறுப்பிற்குரிய இருவரையும் அச்சொல்லே குறிக்கும். எனவே, கொலையாளிகள் இணையாகப் பேசப்படும் முற்பகுதிக் காட்சிகளில் இடர் எழுவதில்லை. கபோட்டியின் ஈடுபாடு ஸ்மித் ஒருவர்மீது குவியத் தொடங்கியதும் பன்மை விலகி ஒருமை வருகிறது. ஒருமை வந்ததும் தேர்வும் வந்துவிடுகிறது.

கொலையை விசாரிக்கும் அதிகாரி ஆல்வின் டூயி ஸ்மித்தை ‘அவன்’ என்பது இயல்பு. அங்கு அஃது இழிவுப் பொருளது. கபோட்டி தம் நண்பர்களிடம் ஸ்மித்தைப் பற்றிப் பேசுங்காலும் ‘அவன்’ எனலாம். அங்கு அஃது அணுக்கப் பொருளது. தானும் ஸ்மித்தும் ஒரே வீட்டில் வளர்ந்து வெவ்வேறு வாயில்களின் வழியே வெளியேறியவர்கள் போன்றவர்கள் என்று கபோட்டி கூறும் இடத்தில் ‘அவர்’ என்பது உடன்பிறப்புணர்வைக் குலைத்துவிடும். வடிவம் ஒன்றாயினும் பேசுவோரும் சூழலும் பொருளைப் பிரிக்கின்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

4. முன்னிலையும் சமனின்மையும்

ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட ஆய்வு, முன்னிலைப் பெயர்களின் ஆட்சியை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு கூறுகளால் விளக்கிற்று. இருவரும் ஒரே வடிவத்தைப் பரிமாறிக்கொள்வது ஒருமைப்பாடு. ஒருவர் ‘நீ’ எனவும் மற்றவர் ‘நீங்கள்’ எனவும் வழங்குவது அதிகாரம். தாயையும் இறைவனையும் ‘நீ’ என விளிக்கும் தமிழர், கடன் கேட்டு வந்து நிற்பவரையும் ‘நீ’ என்பர்.

சிறையில் நிகழும் உரையாடல்களுக்கு மூன்று வழிகள் உள்ளன.

(அ) இருவரும் ‘நீங்கள்’ என்பது: தொடக்கச் சந்திப்பிற்குப் பொருந்தும், இறுதிவரை நீடித்தால் உறவு வளர்ந்ததே தெரியாது.

(ஆ) இருவரும் ‘நீ’ என்பது: நட்பு மெய்யானது என்று மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பளித்ததாகும்.

(இ) கபோட்டி ‘நீ’ எனவும் ஸ்மித் ‘நீங்கள்’ எனவும் வழங்குவது: ஒருவர் வெளியே செல்லக்கூடியவர், மற்றவர் செல்ல இயலாதவர் என்னும் உண்மையை இது வெளிப்படுத்தும். ஆயின், பயன்கொள்ளல் என்னும் விடையை நோக்கி உறவைச் சாய்த்துவிடவும் கூடும்.

முதலில் (அ), பின்னர்க் கபோட்டி மட்டும் ‘நீ’க்கு மாறுதல் என்பது ஏற்புடைய வழி எனலாம். அந்த ‘நீ’ பரிவா உரிமையா என்று கேட்போர் உறுதிசெய்ய இயலாது. மேல்முறையீட்டிற்கு வழக்கறிஞரைத் தேடித்தந்த அதே கபோட்டி, பின்னர் உதவ மறுத்து, கொலை நிகழ்ந்த இரவைப் பற்றிக் கூறுமாறு ஸ்மித்தை நெருக்கும் காட்சியில், முன்பு அன்பாக ஒலித்த ‘நீ’ அதட்டலாக ஒலிக்கும். சொல்லை மாற்றாமலே பொருளை மாற்ற இவ்வமைப்பு இடந்தருகிறது.

5. இயலாமையும் விரும்பாமையும்

தூக்குத் தண்டனை நிறைவேறிய பின், அவர்களைக் காப்பாற்றத் தன்னால் எதுவும் செய்ய இயலவில்லை என்று கபோட்டி ஹார்ப்பர் லீயிடம் தொலைபேசியில் கூறுகிறார். இளமைத் தோழியாகிய லீ, இயலாதிருந்திருக்கலாம், ஆயினும் உண்மையில் நீ அதை விரும்பவில்லை என்னும் பொருள்பட விடையிறுக்கிறார்.

தமிழில் ‘என்னால் முடியவில்லை’ என்னும் தொடரில் பேசுவோன் எழுவாயாக நில்லாமல் மூன்றாம் வேற்றுமை ஏற்றுப் பின்வாங்குகிறான். கபோட்டியின் தற்காப்பிற்கு இவ்வமைப்பு மிகப் பொருத்தமானது. லீயின் விடையை ‘உனக்கு விருப்பமில்லை’ என்றால், நான்காம் வேற்றுமை மீண்டும் வினைமுதலை மறைத்துவிடும். ‘நீ விரும்பவில்லை’ என்பதே தக்கது. ‘விரும்பவில்லை’ என்னும் வினைமுற்று இடம் காட்டாதாகலின், அங்கு ‘நீ’ என்னும் எழுவாயை விடலாகாது. குற்றச்சாட்டின் முழுச்சுமையும் அவ்வோரெழுத்தொருமொழிமீதே விழுகிறது.

6. நூற்றலைப்பு

‘இன் கோல்டு பிளட்’ என்பதைக் ‘குளிர்ந்த இரத்தத்தில்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பயன்தராது. தமிழில் இரத்தம் கொதிப்பதுண்டு. குளிர்வது உள்ளம், அதுவும் மகிழ்ச்சியில். ‘பதற்றமின்றி’ என்பது திட்டமிடலைக் காட்டும், இரக்கமின்மையைக் காட்டாது. நெஞ்சின் ஈரத்தை இரக்கமாகக் கொள்ளும் தமிழ் மரபு ‘ஈரமின்றி’ என்னும் சொல்லைத் தருகிறது.

இதன் சிறப்பு வினையெச்ச வடிவில் உள்ளது. ‘ஈரமற்றவர்கள்’ என்றால் கொலையாளிகள் மட்டுமே சுட்டப்படுவர். ‘ஈரமின்றி’ என்பதில் யார், என்ன செய்தார் என்பது வெளிப்படவில்லை. தலைப்பு குற்றத்தைக் குறிக்கிறதா, குற்றவாளிகளோடு கபோட்டி இன்னும் பேசிக்கொண்டிருப்பதைக் குறிக்கிறதா எனப் படத்தில் டூயி வினவும் காட்சிக்கு இத்திறந்த அமைப்பு தேவை. தலைப்பை அறிந்து ஸ்மித் வினவுங்கால், அது தாம் தேர்ந்தது அன்று எனக் கபோட்டி பொய்யுரைக்கும் காட்சிக்கும் அஃதே தேவை.

7. முடிவுரை

மரியாதை வடிவங்கள் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பளிக்க வற்புறுத்துவன என்பது பொதுக்கருத்து. அது ‘அவர்’, ‘நீங்கள்’ ஆகியவற்றிற்குப் பெரிதும் பொருந்தும். ‘அவன்’, ‘நீ’ ஆகியனவோ அணுக்கத்தையும் இழிவையும் ஒருங்கே தாங்குவன. ஆங்கிலம் வேறுபாட்டைக் காட்டாமையால் வினாவைத் திறந்துவைக்கிறது. தமிழ் ஒரே வடிவில் இரு பொருள்களை ஏற்றித் திறந்துவைக்க வல்லது. மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டுவது எவ்வடிவம் என்பதைத் தேர்வதோடு அமையாது. எக்காட்சியில் அவ்வடிவம் முதன்முறை தோன்றவேண்டும் என்பதையும் முடிவுசெய்தலாகும்.