தானாக இணையும் இணைப்பும் தானாக ஏறும் செலவும்

"அது தானாக வேலை செய்யும்" என்று யாராவது ஒரு பொருளை விற்றால், வியாபாரி ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். இணைய இணைப்பும் அதற்கு விலக்கல்ல.

இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995 இல் ஆரம்பமானது. வாவிக்கரை ஊர்களான காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைகளுக்கு இணையம் எட்டிய தொடக்க காலத்தில் டெலிபோன் வயரும் மொடெமும்தான் துணை. உச்ச வேகமே செக்கனுக்கு 56 கிலோபிட். கொழும்புக்கு ஓடர் அனுப்பும் நேரம் பார்த்து லைன் அறுந்துவிடும். உடனே கொம்பனிக்குத்தான் ஏச்சு விழும். ஒழுங்காகத் தேடிப் பார்த்தவர்களுக்கோ, கோளாறு பல தடவை கடைக்குள்ளேயே அகப்பட்டது.

அதே லைனில் பின்னறையில் இன்னொரு டெலிபோன் இருக்கும். அதை யாராவது எடுத்தால் இணைப்பு போய்விடும். பேச்சின் நடுவே அடுத்த அழைப்பைக் காட்டும் "டிக்" ஓசையும் மொடெமைக் குழப்பிவிடும். உப்புக் காற்றில் வயர் மூட்டுகள் களிம்பேறும், மழைக்கு இரைச்சல் கூடும். சாதாரண டெலிபோனை எடுத்துக் காதில் வைத்து இரைச்சல் கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை தானியங்கி டயல். கணனியில் ஏதாவது ஒரு மென்பொருள் இணையத்தைத் தேடினால், கேட்காமலே மொடெம் இலக்கத்தை அழுத்தும். வைரஸ் தடுப்பு மென்பொருள் தன்னைப் புதுப்பிக்க நினைத்தாலும் போதும், கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடும். வின்டோஸில் "ஒருபோதும் டயல் செய்யாதே" என்ற தெரிவு இருந்தது. அதைப் போட்டு, தேவைப்படும்போது கையால் இணைத்தவர்களுக்குப் பில் கட்டுக்குள் நின்றது. அமெரிக்காவில் இன்னும் மோசமான மோசடி நடந்தது. தரவிறக்கிய ஒரு மென்பொருள், மொடெமின் சத்தத்தை அணைத்துவிட்டு, இருந்த இணைப்பைத் துண்டித்து, மோல்டோவா நாட்டு இலக்கத்துக்கு டயல் செய்தது. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1997 இல் அதற்கெதிராக வழக்குத் தொடர்ந்தது.

இன்று கடைகளில் ரவுட்டரும் டேட்டாவும் வந்துவிட்டன. ஆனாலும் பாடம் அதேதான். போனிலும் கணனியிலும் தானாக நடக்கும் புதுப்பித்தல், படங்களைச் சேமித்தல் எல்லாம் மாதப் பெக்கேஜைத் தின்றுவிடுகின்றன. அவற்றைக் கையால் இயக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

இணைப்பு அறுந்தால் வரிசையாகப் பாருங்கள். முதலில் மின்சாரம், பிறகு வயர், பிறகு ரவுட்டர். கணனியை வயரால் ரவுட்டரோடு நேரே இணைத்துப் பாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடினால் குறை வைஃபையில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று ஒருபோதும் தெரியாது.

காட் மெஷினில் இன்னும் கவனம் தேவை. பணம் எடுக்கும் நேரத்தில் இணைப்பு போனால் உடனே இரண்டாம் முறை காட்டைப் போடாதீர்கள். முதல் கொடுக்கல் வாங்கல் பதிவானதா என்று மெஷினிலும் வங்கியிலும் உறுதி செய்யுங்கள். வாடிக்கையாளரிடம் இரு தடவை பணம் போனால் நட்டப்படுவது உங்கள் பெயர்தான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். இணைப்பு அறுந்த திகதி, நேரம், அப்போது மழையா, மின்வெட்டா என்று எழுதுங்கள். இரண்டு கிழமைக் குறிப்போடு கொம்பனிக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் பதில், வெறுங்கையோடு போய்ச் சத்தம் போடுகிறவருக்குக் கிடைக்காது.